எட்டின்னுதான் சொன்னா

எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. நான் துணைக்கு வந்தவ. அந்தா, டாக்டரப் பாக்கப் பேரு எழுதுத எடத்துல நெத்தியில பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு நிக்காள்லா, அவ என் மருமக செல்வி. அவளுக்காகத்தான் வந்தது... என்ன? சோறா? காலையிலயே இட்லி தின்னுட்டுத்தான் பஸ் ஏறுனோம். ஓ, ஊரா! ஊருன்னு கொஞ்சம் வாயத் தொறந்து சொல்லப்படாதா? கடையம். தென்காசிக்கும் அம்பைக்கும் நடுவுல. அந்த மொகமூடியக் கொஞ்சம் எறக்கிட்டுப் பேசுங்களேன். சளியா? அப்ப போட்டுக்கிடுங்க, போட்டுக்கிடுங்க. எனக்கு ஒட்ட வச்சிராதிய.

இந்த மொகமூடி வந்த காலத்துல இருந்துதான் தம்பி, ஊர்ல ஒருத்தரும் தெளிவாப் பேச மாட்டேங்காக. வாய்க்குள்ள கொழுக்கட்டைய வச்சுக்கிட்டுப் பேசுத மாதிரி முணுமுணு முணுமுணுன்னு. டிவிக்காரனும் அப்பிடித்தான். பஸ் கண்டக்டரும் அப்பிடித்தான். ஏன் இப்பிடிப் பேசுதிய, சத்தமாப் பேசுங்கன்னு நான் சொன்னா, உடனே எம் மருமக, அத்தே உங்களுக்குத்தான் காது கேக்கலங்கா. ஊரே கூடி முணுமுணுத்தா ஒரு பொம்பள என்ன செய்வா? சொல்லுங்க. அம்பத்தொம்பது வயசுல யாருக்காவது காது போகுமா?

என் பேரு லிங்கக்கனி. பேனா செய்யுதேன். ஆமா, எழுதுத பேனாதான். இந்தா, கையில வாங்கிப் பாருங்க. புளிய மரத்து வைரம் இது. மூடியக் கழத்துங்க. திருகிக் கழத்தணும், இழுத்தா வராது. எப்பிடி இருக்கு? நல்லாருக்குன்னுதான சொன்னிய? அதான, யாரும் வேற மாதிரி சொன்னதில்ல.

கல்யாணத்துக்கு முன்ன இருந்தே பீடி சுத்துனவ நான். இருவத்திரெண்டு வருசம் மடியில தட்ட வச்சுக்கிட்டு குனிஞ்ச தல நிமிராம சுத்துனேன். அடுத்த தெருவுல கடைசல் பட்டறை வச்சிருந்தவரு ஒரு நாள் லேத்த விக்கப் போறேன்னாரு. பம்பரமும் கட்டில் காலும் கடைஞ்ச லேத்து. நான் வாங்குதேன்னு போய் நின்னேன். எங்க வீட்டுக்காரரு அப்ப இருந்தாரு. பொம்பளைக்கு எதுக்குட்டி லேத்துன்னு ஆடுனாரு. ஆடுங்க, ஆடி முடிச்சுட்டு வாங்க, தூக்கதுக்கு ஒரு கை வேணும்னேன். அப்பிடிக் கேட்ட மனுசன் கடைசியில எனக்கு உளி தீட்டிக் குடுத்துட்டுத்தான் செத்தாரு. இப்ப எம் பேனா பம்பாய்க்குப் போகுது, துபாய்க்குப் போகுது. போன்ல படம் போட்டு ஏவாரம் பாக்கது செல்வி. அது அவ சமத்து. இல்லேங்கல. ஆனா கடையிறது நான்.

பேனான்னா சின்ன வேலைன்னு நெனச்சிராதிய. வெரல் நீளத்துக்கு மரத்த அறுக்கணும். கோணாம நட்டநடுவுல துளை போடணும். அதுக்குள்ள பித்தளைக் குழாயப் பசை போட்டுச் சொருகி ஒரு நாள் காய விடணும். பெறவு கம்பியில கோத்து லேத்துல மாட்டி, மோட்டாரப் போட்டு உளிய அண்டக் குடுத்தா, மரம் சுருள் சுருளா வந்து மடியில விழும். அதுக்கு மேல உப்புத்தாளு. சொரசொரப்புல ஆரம்பிச்சா, கடைசித் தாளு தொட்டுப் பாத்தா துணி மாதிரி இருக்கும். அவ்வளவும் தேச்ச பெறவு, ஓடுத மரத்துல தேன்மெழுகத் துணியில தொட்டு அழுத்துவேன். சூட்டுல மெழுகு உருகி உள்ள எறங்கும் பாருங்க, அப்பத்தான் மரத்துக்கு மொகமே வரும். குளிச்சுத் தல சீவுன பிள்ள மாதிரி இருக்கும்.

அதுல சத்தம் ஒரு பெரிய விசயம். உளி சரியா மேஞ்சா ‘ஸ்ஸ்’ன்னு தாளிச்சுக் கொட்டுன மாதிரி ஒரு சத்தம் வரும். எங்கயாவது விரிசல் விட்டுதுன்னா ‘டக் டக்’குன்னு சொல்லிரும். உடனே கைய எடுத்துறணும். இல்லேன்னா துண்டு பிச்சுக்கிட்டுப் பறக்கும். ஆனா இப்ப வார மரம் எல்லாம் ஊமை மரம் தம்பி. ரெண்டு மூணு வருசமாவே ஒரு சத்தத்தையும் காணும். மழை மாறிப் போச்சு, மண்ணு மாறிப் போச்சு, மரம் மட்டும் மாறாம இருக்குமா? நான் அதுக்கெல்லாம் அசரல. உளியில வச்ச வெரலுலயே பாத்துக்கிடுவேன். அதிருத அதிருல தெரிஞ்சிரும்.

என்ன? வேலையா? வேலையத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன். ஓ, விலையா... அதெல்லாம் செல்விகிட்டக் கேளுங்க. குறுக்க குறுக்கப் பேசாதிய, மறந்துரும்.

ஒரே ஒரு வழக்கம் எனக்கு உண்டு. ஒவ்வொரு பேனாப் பெட்டிக்குள்ளயும் என் கைப்பட ஒரு சீட்டு எழுதி வைப்பேன். என்ன மரம், எந்த ஊர்ல நின்ன மரம், எப்பிடிப் பாத்துக்கிடணும். தேக்குன்னு சொல்லி வேம்ப வித்துட்டுப் போற சோலியெல்லாம் எங்கிட்டக் கிடையாது. அந்தச் சீட்டாலதான் தம்பி வந்தது வெனை.

ஆவணி மாசம், செல்வி அவ அம்மா வீட்டுக்குச் சொரண்டைக்குப் போயிருந்தா. போன் அடிச்சுது. எடுத்தேன். சங்கரன்கோவில்ல இருந்து ஒரு அம்மா, கோமதின்னு பேரு. மகளுக்கு நிச்சயம் வச்சிருக்கோம், மாப்பிள்ளை பேங்குல வேலை பாக்காரு, மோதரம் வாட்ச்சு எல்லாரும்தான் போடுதாக, நாங்க ஒரு நல்ல பேனா குடுக்கப் போறோம்ன்னா. நல்ல புத்திம்மா, என்ன மரத்துல வேணும்னு கேட்டேன். எட்டின்னா.

எட்டியான்னு திருப்பிக் கேட்டேன் தம்பி. சும்மா வாங்கிக்கிடல. ஆமாங்கா. நெசமாவே எட்டிதானான்னேன். ஆமாம்மா ஆமாங்கா. அதுக்கு மேல நான் என்ன, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி சூடம் அணைச்சா சத்தியம் வாங்க முடியும்?

எட்டி தெரியும்லா உங்களுக்கு? எட்டிக்காய்னு சொல்லுவாக. கசப்புன்னா கசப்பு, அப்பிடி ஒரு கசப்பு. கொட்டை வெஷம். அதனால ஒருத்தனும் அத வீட்டுப் பக்கம் சேக்க மாட்டான். ஆனா மரம் இருக்கே, ராசா மரம். வெளுத்த மஞ்சள்ல, நார் தெரியாம, கல்லு மாதிரி கட்டி. கரையான் கிட்ட வராது. வாரவன் எல்லாம் ஈட்டி குடு, ஈட்டி குடுன்னுதான் கேப்பான். அதான், கறுஞ்செவப்பா இருக்குமே, ரோஸ்வுட்டும்பாக. அத வெட்டக் கூடாது, கொண்டு போகக் கூடாதுன்னு ஆயிரம் சட்டம். பழைய கட்டில ஒடச்ச துண்டு கிடைச்சாத்தான் நான் ஈட்டியத் தொடுவேன். அப்பிடி இருக்கயில, ஒரு பொம்பள எடுத்த எடுப்புல எட்டி வேணும்ங்கா. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு நெனச்சிருந்த எனக்கு, ஒருத்திக்காவது மரம் தெரியுதேன்னு உள்ளம் குளுந்து போச்சு.

நாலு நாளு அலைஞ்சேன் அந்த மரத்துக்கு. ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு தோப்பு வேலியில வெட்டிப் போட்டிருந்தாக. நல்லாக் காஞ்ச கட்டை. மூக்குல வாயில துண்டக் கட்டிக்கிட்டுத்தான் கடைஞ்சேன். அப்பிடியும் நாக்குல ஏறிருச்சு, ரெண்டு நாளு காப்பி கசந்துச்சு. ஆனா பேனா அமைஞ்சுது பாருங்க! என் ஆயுசுல அப்பிடி ஒண்ணு செஞ்சதில்ல. சீட்டு எழுதுனேன். ‘மரம்: எட்டி. நின்ற ஊர்: ஆழ்வார்குறிச்சி. கசக்கும். வாயில் வைத்துக் கடிக்க வேண்டாம்.’ பேங்குக்காரரு, கணக்குப் பாக்கயில பேனாவக் கடிச்சாலும் கடிப்பாருல்லா? ஒரு அக்கறையிலதான் எழுதுனேன்.

நிச்சயத்தன்னைக்கு சபையில பெட்டியத் தொறந்திருக்காக. மாப்பிள்ளையோட சித்தப்பா, சத்தமாப் படிக்க ஆளாம் அவரு, சீட்ட எடுத்து எல்லாருக்கும் கேக்க வாசிச்சிருக்காரு. எட்டி. கசக்கும். வாயில் வைக்க வேண்டாம். அவ்வளவுதான், மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைய எந்திரிச்சிட்டாக. எங்க பிள்ளைக்கு வெஷ மரத்துலயா சீரு வைக்கியன்னு ஒருத்தி. எட்டி பழுத்தென்ன ஈயாதார் வாழ்ந்தென்னன்னு அந்தச் சித்தப்பா. ஒரு மணி நேரம் தட்டு மாத்தாம நின்னிருக்காக. பெரியவக நாலு பேரு கால்ல கையில விழுந்து சமாதானம் பண்ணி, பெறவுதான் தட்டு மாத்துனாகளாம். கோமதி போன்ல செல்வியக் கிழி கிழின்னு கிழிச்சிருக்கா. நான் கேட்டது ஈட்டி, உங்க மாமியாரு அனுப்புனது எட்டின்னு.

செல்வி வந்து நின்னா. ‘அத்தே, அவுக ஈட்டி கேட்டிருக்காக.’

‘இல்ல, எட்டின்னுதான் சொன்னா.’

‘நிச்சயத்துக்கு யாராவது எட்டி கேப்பாகளா அத்தே?’

‘மரம் தெரிஞ்சவ கேப்பா. ஊரு கூடி ஏசுன ஒடனே பிளேட்டத் திருப்பிட்டா. அதுக்கு நான் பழியா?’

வாய்க்குள்ள என்னமோ சொன்னா. செவிடன் காதுல ஊதுன சங்குன்னு. அது மட்டும் எப்பிடிக் கேட்டுதுன்னு பாக்கியளா? ஒதடு அசையுததப் பாத்தாலே எனக்குப் போதும். நான் விடல. ‘ஏளா, யாரச் செவிடுங்க?’ன்னு பிடிச்சுக்கிட்டேன்.

அவ போன எடுத்தா. ‘ஏவார போன்ல பேசுறது பூராம் பதிவாகும் அத்தே, கேளுங்க’ன்னா. கேட்டேன். கோமதி கொரலு கரகரன்னு வருது. எட்டி மரத்துல வேணும். எட்டியா, அது என் கொரலு. ஆமாம்மா, எட்டி. நான் தொடையத் தட்டுனேன். ‘கேட்டியாளா! ஒரு தரம் இல்ல, ரெண்டு தரம் சொல்லுதா பாரு!’ செல்வி என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. மறுபடியும் போட்டா. மறுபடியும் எட்டி. காதுல ஒட்ட வச்சுப் போட்டா. எட்டி. அஞ்சு தரம் போட்டா தம்பி, அஞ்சு தரமும் எட்டிதான். அஞ்சாவது தரம் அவ கண்ணு கலங்கிருச்சு. தோத்துப் போனா யாருக்கும் அழுகை வரத்தான் செய்யும்.

ஜெயிச்ச எனக்குல்லா சந்தோசம் இருக்கணும்? அதுவும் இல்ல. ஒரே ஆத்திரம். பட்டறையில போயி ஒரு வாகைத் துண்ட மாட்டி லேத்தப் போட்டேன். கொஞ்ச நேரத்துல செல்வி வாசப்படியில வந்து நின்னா. ஓரக்கண்ணுல பாத்தேன். வாயத் தொறந்துக்கிட்டு நிக்கா. இன்னும் ஏசி முடிக்கல போலுக்கு, ஏசட்டும்னு நான் திரும்பவே இல்ல. அந்நேரம் பாத்து மரம் வெடிச்சுது. ஒரு துண்டு என் தோளத் தாண்டிப் போயி அவ நெத்தியில. பசை சரியில்ல தம்பி, வேற ஒண்ணும் இல்ல. புதுப் பசை. நான் அப்பமே சொன்னேன் இந்தப் பசை வேண்டாம்னு. நாலு தையல்தான். கண்ணுக்கு ஒரு வெரக்கடை மேல. ஒண்ணும் ஆகல.

மறுநாள் காலையில போயி லேத்துச் சுச்சப் போட்டா ஓடல. கரண்டு இருக்கு, காத்தாடி ஓடுது, லேத்து ஓடல. பாத்தா, பீஸ் கட்டையப் புடுங்கி இடுப்புல சொருகிக்கிட்டு நிக்கா மகாராணி.

‘காத டாக்டருகிட்டக் காட்டுங்க அத்தே. காட்டுன அன்னைக்குத் தாரேன்.’

‘என் லேத்துக்குப் பூட்டுப் போட நீ யாருளா?’

‘நெத்தியில இன்னும் இந்தப் பக்கம் எடம் காலியாத்தான் இருக்கு. அடுத்ததையும் இங்கனயே போட்டுருங்க.’

எப்பிடிப் பேசுதா பாத்தியளா? திருப்பூர்ல இருக்க என் மகன் சுயம்புக்குப் போனப் போட்டேன். அவனும் முணுமுணுன்னு என்னத்தையோ சொன்னான். பொண்டாட்டி பக்கம்தான் பேசியிருப்பான்.

பதினோரு நாளு. பதினோரு நாளு தம்பி அந்த லேத்து துணி போத்திக்கிட்டுக் கிடந்துச்சு. எனக்குக் கையி ரெண்டும் எங்க வைக்கன்னு தெரியல. மெழுகு வாசம் இல்லாம சோறு எறங்கல. நெசமாச் சொல்லுதேன், பயந்துட்டேன். காது மெசின மாட்டுனா அதோட முடிஞ்சுது, அத்தைக்கு வயசாச்சு, கண்ணும் மங்கும், கையும் நடுங்கும்னு ஒவ்வொண்ணாப் பிடுங்கிருவாக. லேத்து இல்லேன்னா நான் யாரு? மறுபடியும் பீடித்தட்டத் தூக்கி மடியில வைக்கணும். அதுக்கு நான் செத்தே போவேன்.

அதனால சவால் விட்டேன். ‘வாளா சங்கரன்கோவிலுக்கு. அந்தக் கோமதி என் மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்லட்டும். அப்பவும் எட்டின்னா, பீஸ் கட்டை எங் கைக்கு வரணும். ஈட்டின்னு சொல்லிட்டான்னா, நான் எந்த டாக்டருகிட்டனாலும் வாரேன்’ன்னேன். சரின்னுட்டா.

போனோம். கோமதி நல்ல வாட்டசாட்டமான பொம்பள. வாங்கன்னு கூப்பிட்டு உக்காரச் சொன்னா. நான் உக்காரல. பஞ்சாயத்துக்கு வந்தவ உக்காரப்படாது. ‘அம்மா, அன்னைக்கு நீங்க என்ன மரம் கேட்டிய? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க’ன்னேன்.

பாத்தா. பாத்து, பல்லு பூராம் தெரிய ஈன்னு இளிச்சுக்கிட்டு, ‘எட்டி’ன்னா.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிருச்சு. தப்பையும் ஒத்துக்கிட்டு அதுக்கு ஒரு இளிப்பு வேறயா? ‘எதுக்கும்மா இளிக்கிய?’ன்னேன். இளிக்கலயேன்னு கைய விரிச்சா. மறுபடியும் சொன்னா. மறுபடியும் அதே இளிப்பு. கல்யாணப் பொண்ணு உள்ள இருந்து வந்தா. அவளும் என் முன்னால குனிஞ்சு, பல்லக் காட்டிக்கிட்டு, எட்டிங்கா. இந்தப் பக்கம் திரும்புனா எம் மருமக. நெத்தியில தையலோட நின்னுக்கிட்டு, அவளும் ஈன்னு பல்லக் காட்டுதா! மூணு பேரும் வட்டமா நின்னு என்னப் பாத்து இளிக்காளுவ தம்பி!

நான் சும்மா வருவனா? ‘என்ன, கோட்டி பிடிச்சிருச்சா எல்லாருக்கும்? நான் என்ன வேடிக்கை காட்டவா வந்தேன்? நாலு நாளு அலைஞ்சு, நாக்கு கசக்கக் கடைஞ்சு குடுத்தா அத வச்சுக்கிட்டு என்னையவே கேலி பண்ணுதியளா? அந்தப் பேனாவத் திருப்பித் தாங்க, அதுக்குண்டான மரியாதை தெரிஞ்சவனுக்குக் குடுத்துக்கிடுதேன்’ன்னு கத்துனேன். என் கொரலு அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஏசுவான்னு பாத்தேன், கோமதி ஏசல. அன்னைக்குப் போன்ல அந்தக் கிழி கிழிச்சவ, உள்ள போயி ஒரு தம்ளர் காப்பியக் கொண்டாந்து என் ரெண்டு கையிலயும் வச்சு, அவ கையால அமுத்திப் பிடிச்சுக்கிட்டா. என்னத்துக்குப் பிடிக்கா, விடுன்னு பாக்கேன், விடல. சமாதானத்துக்கு வாரான்னு நெனச்சேன். குடிக்காம வச்சுட்டு வந்துட்டேன். பஸ்ல செல்வி சன்னலப் பாத்துக்கிட்டே வந்தா. பீஸ் கட்டைய எடுத்து எம் மடியில வச்சா. வச்சுட்டு மறுபடியும் சன்னலப் பாத்தா. நான் ஜெயிச்சுட்டேன் தம்பி. கேட்டது எட்டின்னுதான, அப்ப ஜெயிச்சது நாந்தான.

மறுநாள் காலையில தல சீவக் கண்ணாடி முன்னால நின்னேன். கோவம் அடங்கல. எப்பிடி இளிச்சா அந்தக் கோமதின்னு செஞ்சு பாத்தேன். எட்டின்னு சொல்லிக்கிட்டே அவள மாதிரி இளிக்கப் பாத்தேன். வரல. எட்டின்னு எடுத்தா வாயி சும்மா பாதிதான் தொறக்கு. கடைசியில ‘டி’ங்கயில ரெண்டு பல்லு தெரியுது, அவ்வளவுதான். எட்டி. எட்டி. சொல்லிச் சொல்லிப் பாக்கேன், அந்த இளிப்பு வர மாட்டேங்கு. பெறவு, சும்மாதான், ஈட்டின்னு சொன்னேன்.

நீங்களும் சொல்லிப் பாருங்க. மொகமூடிக்குள்ளயே சொல்லுங்க. ஒதடு ரெண்டு பக்கமும் காது வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போகுதுல்லா? பல்லு பூராம் வெளிய வருதுல்லா? கண்ணாடிக்குள்ள நின்னு என்னப் பாத்து கோமதி இளிச்ச அதே இளிப்ப நான் இளிக்கேன்.

அவளுவ ஒருத்தியும் இளிக்கல தம்பி.

சீப்பக் கீழ வச்சுட்டு அப்பிடியே உக்காந்துட்டேன். பெறவுதான் வாசப்படியில செல்வி வாயத் தொறந்துக்கிட்டு நின்னது நெனப்புக்கு வந்துச்சு. ஏசுத வாயி மூடி மூடித் தொறக்கும். நானும் எத்தன வாயப் பாத்திருக்கேன். அது மூடவே இல்ல. அது ‘அத்தே’ன்னு இழுத்துக் கத்துன வாயி. மரம் டக்கு டக்குன்னு சொல்லியிருக்கு, அவளுக்குக் கேட்டிருக்கு, என்னக் காப்பாத்த ஓடி வந்திருக்கா. நான் ஏசுதான்னு நெனச்சுத் திரும்பாம இருந்துட்டேன். ஒரு வெரக்கடை கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். பசைமேல பழியப் போட்டேன். பாவி மட்டை நான்.

பீஸ் கட்டை எங்கிட்டத்தான் இருந்துச்சு. மாட்டிருக்கலாம். மாட்டல. ‘ஏளா, உன் தையலப் பிரிக்கப் பாளையங்கோட்டைக்குப் போகையில என்னையும் கூட்டிட்டுப் போ’ன்னேன். தையல் பிரிச்சுட்டு நேரா இந்தக் காது ஆஸ்பத்திரிக்குத்தான் வாரோம்.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், நான் ஒரு கணக்கோடதான் வந்தேன். உள்ள ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்காம்லா? காதுல மாட்டிவிட்டு, அந்தப் பக்கம் ஒரு பிள்ள உக்காந்து சத்தம் குடுக்குமாம். கேட்டா பட்டன அமுக்கணுமாம். செல்வி போன்ல படம் போட்டுக் காட்டுனா. அந்தப் பிள்ள கை எப்ப அசையுதுன்னு பாத்து அமுக்கிட்டாப் போச்சுன்னு நெனச்சேன். என் கண்ணுக்கு அது ஒரு பெரிய காரியமா? எல்லாம் நல்லாக் கேக்குன்னு எழுதி வாங்கிட்டு, இன்னைக்குச் சாயந்தரமே வாகைய மாட்டிருவேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

முடியும் தம்பி. என்னால முடியும். ஆனா நாளைக்கு அவ மறுபடியும் வாசப்படியில வந்து நின்னு கத்துவாள்லா? அப்ப நான் யாரு கையப் பாத்துத் திரும்புவேன்?

அதனால கண்ண மூடிக்கிட்டு உக்காரப் போறேன். கேட்டா அமுக்குவேன், கேக்கலேன்னா அமுக்க மாட்டேன். மெசின மாட்டுன்னா ரெண்டு காதுலயும் மாட்டிக்கிடுதேன், கம்மலு மாதிரி ஊரு பாக்கட்டும். ஆனா லேத்த விட்டுருன்னு எவனாவது சொன்னா, டாக்டராவது, என் மகனாவது, அந்த எடத்துலயே கேப்பேன், உன் கையால ஒரு பேனா கடைஞ்சு காட்டுடா முதல்லன்னு. இன்னும் இருவது வருசத்துக்கு ஒருத்தனும் என்ன அங்கன இருந்து எழுப்ப முடியாது.

என்ன தம்பி, எதுக்குத் தோளத் தொடுதிய? அந்தா, செல்வியும் அங்க இருந்து கையக் காட்டுதா. கூப்பிட்டாகளா? லிங்கக்கனின்னா? எப்ப? எத்தன தரம் கூப்பிட்டாக?

நாலு தரமா.

எனக்குக் கேக்கல தம்பி.